கோவில்பட்டில கட்டிங் 80, அல்சூர்ல 150

போன வாரம் அத்தை பையன் எங்க ஊர் கோவில்பட்டில இருந்து பெங்களூர்ல இருக்கிற எனக்கு போன் பண்ணி, "மாசம் 50 ஆயிரம் வாங்குறியே மச்சான், நீ மிடில் கிளாஸா பணக்காரனா?"ன்னு கேட்டான். யாரைக் கேக்குறோம்ங்கிறத பொறுத்து விடை மாறுது, அதான் வேடிக்கை.

எல்லாரையும் வருமான வரிசைல நிக்க வச்சா நடுவுல நிக்கிற ஆளோட வருமானம் தான் மீடியன், பள்ளிக்கூடத்துல படிச்சது தான். பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்திருக்கிற ஓஈசிடி அமைப்பு அந்த மீடியன்ல 75 சதவீதத்துல ஆரம்பிச்சு 200 சதவீதம் வரைக்கும் மிடில் கிளாஸ்ங்குது. நம்ம நாட்டுல பிரைஸ்ங்கிற ஆய்வு அமைப்பு 2020-21 விலைவாசிப்படி குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சத்துல இருந்து 30 லட்சம்னு கோடு போடுது. 2019ல வந்த இடபிள்யூஎஸ், அதாவது பொருளாதாரத்துல நலிஞ்ச பிரிவுக்கான ஒதுக்கீட்டுக்கோ குடும்ப வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குக் கீழ இருக்கணும். அப்போ 6 லட்சம் வர்ற ஒரு குடும்பம் ஒரு கணக்குல மிடில் கிளாஸ், இன்னொரு கணக்குல நலிஞ்ச பிரிவு! ரெண்டு கணக்குலயுமே பெங்களூருக்கும் கோவில்பட்டிக்கும் ஒரே கோடு தான்.

சரி, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். பெங்களூர் அல்சூர்ல நான் முடி வெட்டிக்கிற கடைல 150 ரூபா, ஊர்ல 80. அதே கத்திரி, அதே சீப்பு, அதே இருவது நிமிஷம், இங்க வெட்டுறவரும் நம்ம விழுப்புரத்துக்காரர் தான், அப்புறம் ஏன் கிட்டத்தட்ட டபுள்? ஐடி கம்பெனி வெளிநாட்டுக்கு சாப்ட்வேர் எழுதி டாலர்ல சம்பாதிக்குது, அங்க சம்பளம் ஏறுது, அதனால டிரைவர், டெலிவரி, செக்யூரிட்டி வேலைக்கும் கூலி ஏறுது, முடி வெட்டுறவருக்கும் அதுக்கு ஈடா கிடைக்கலன்னா அவர் ஏன் கத்திரிய பிடிச்சிட்டு நிக்கணும், பைக்க எடுத்துட்டு டெலிவரிக்குப் போயிடுவார்ல, அதனால அவர் கை கொஞ்சம் கூட வேகமாகாமலே கட்டிங் ரேட் ஏறிடுது. பெலா பலாஸா, பால் சாமுவேல்சன்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 1964ல நாடுகளுக்கு நடுவுல தனித்தனியா விளக்கின விஷயம் இது, ஊர்களுக்கும் அப்படியே பொருந்துது.

பிஸ்கட் பாக்கெட் எம்ஆர்பி ரெண்டு ஊர்லயும் ஒண்ணு தான், லாரி கொண்டு வந்துடும். முடி வெட்டுற வேலைய லாரில ஏத்த முடியாது, நிலத்தையும் முடியாது. அதான் வாடகை கழுத்தப் பிடிக்குது, அதுக்கு மேல பத்து மாச அட்வான்ஸ் வேற. "பெங்களூர்ல காசு தங்காது, வாஸ்து பாரு"ன்னு அத்தை சொல்றாங்க, குபேர மூலைல உண்டியல் வச்சா ஹவுஸ் ஓனர் வாடகைய குறைப்பாரா என்ன?

நாடுகளுக்கு இதெல்லாம் கழிச்சுப் பாக்குற கணக்கு இருக்கு, பிபிபி, அதாவது காசோட வாங்கும் சக்திய ஒப்பிடுற கணக்கு. 2017ல டாலர் மார்க்கெட்ல 65 ரூபா, ஆனா அமெரிக்காவுல ஒரு டாலருக்கு வாங்குறத இங்க 20.65 ரூபாய்க்கு வாங்கலாம்னு வந்துச்சு. ஊருக்கும் ஊருக்கும்? மாசாமாசம் வர்ற விலைவாசிக் குறியீடு ஒரு இடத்து விலைய அதே இடத்தோட பழைய விலையோட தான் ஒப்பிடும், பெங்களூர கோவில்பட்டியோட ஒப்பிடாது. மத்திய அரசு ஊழியருக்கு மட்டும் ஏழாவது சம்பள கமிஷன் அடிப்படைச் சம்பளத்துல பெருநகரத்துக்கு 24, சின்ன ஊருக்கு 8 சதவீதம்னு வாடகைப்படிய பிரிச்சுது, வித்தியாசம் அரசாங்கத்துக்குத் தெரியும்! விலை எடுக்க ஊர் ஊரா ஆள் அனுப்புறாங்க, அந்தத் தாள்கள பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க கொஞ்சம் காசு ஒதுக்கினா என்னன்றது என் ஆதங்கம்.

அத்தை பையனுக்கு இன்னும் பதில் சொல்லல. அடுத்த மாசம் ஊருக்குப் போறேன், அதுவரைக்கும் முடிய வளர விட்டிருக்கேன்.