ஐயுறு ஆவணம்

"இந்தக் கையொப்பம் என்னுடையது அல்ல" என்று நீதிமன்றத்தில் ஒருவர் மறுத்ததுமே, அந்தக் கிரையப் பத்திரமோ காசோலையோ 'கொஸ்டின்டு டாக்குமென்ட்' ஆகிவிடுகிறது. போலி என்று மெய்ப்பிக்கப்பட்டதாக இதற்குப் பொருள் இல்லை. உண்மையானதா என்ற கேள்வி எழுந்திருக்கிறது, அவ்வளவே. ஆய்வுக்குப் பின் அசல் என்றே தேறலாம். ஆகவே இதைப் 'போலி ஆவணம்' என்று எழுதுவது தீர்ப்பை முந்திக்கொள்ளும் தவறு. 'சர்ச்சைக்குரிய ஆவணம்' வழக்கில் உண்டு. ஆனால் ஆவணத்தில் சொல்லியிருக்கும் செய்தி பற்றிய சண்டையையும் அது குறித்துவிடும். ஐயுறு ஆவணம் என்பதே பொருந்தும். குடிநீர் போல இதுவும் வினைத்தொகை: ஐயுறுவது நாம், ஐயத்துக்கு ஆளாவது ஆவணம்.

அமெரிக்கர் ஆல்பர்ட் ஆஸ்பர்ன் 1910-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே இந்த ஆங்கிலச் சொல்தான். ஆனால் செயல் நமக்குப் புதிதல்ல. சுந்தரரைத் தம் அடிமை என்று முதியவர் ஒருவர் உரிமை கோரிய வழக்கில், சுந்தரரின் பாட்டனார் எழுதியதாகச் சொல்லப்பட்ட மூல ஓலையை, காப்பில் இருந்த அவருடைய வேறோர் எழுத்தோடு திருவெண்ணெய்நல்லூர் அவையோர் 'ஒப்பு நோக்கி' முடிவு சொன்னதாகப் பெரியபுராணம் பாடுகிறது. 'கம்பாரிசன்' என்பதற்கு ஒப்புநோக்கல் என்ற சொல் அங்கேயே கிடைக்கிறது.

'கையெழுத்து' என்ற சொல்லில் கவனம் வேண்டும். பேச்சில் அது கையொப்பத்தையும் குறிக்கும், எழுதும் பாங்கையும் குறிக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் எதை ஒப்புநோக்க வேண்டும் என்று பிரித்து எழுதாவிட்டால் கேள்வியே குழம்பிவிடும். கைநாட்டு இரண்டிலும் சேராது. அது விரல்ரேகை நிபுணரின் வேலை.

ஐயுறு எழுத்துக்குக் 'கியூ', மாதிரி எழுத்துக்கு 'எஸ்', ஒப்புக்கொண்ட எழுத்துக்கு 'ஏ' என்று குறியிடுவது வழக்கம். வழக்குக்காக எழுதி வாங்குவது மாதிரி. வழக்குக்கு முன்பே இயல்பாக எழுதப்பட்டு, மறுக்கப்படாதது ஒப்புக்கொண்டது. எழுதுபவர் வேண்டுமென்றே மாற்றி எழுத முடியாததால் இரண்டாவதற்கே மதிப்பு அதிகம். அதுவும் ஐயுறு ஆவணத்தின் காலத்தை ஒட்டியதாக இருக்க வேண்டும். முதுமையும் நோயும் கையை மாற்றிவிடும்.

பழைய சாட்சியச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு (இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 72) நீதிமன்றத்துக்கு மாதிரி எழுதி வாங்கும் அதிகாரம் தருகிறது. மாதிரி எழுதுபவரிடம் ஐயுறு ஆவணத்தைக் காட்டக் கூடாது. வாசகத்தை வாயால் சொல்லி எழுதவைக்க வேண்டும். அதே மொழி, அதே வகைப் பேனா. ஒவ்வொரு கையொப்பமும் தனித்தாளில். எழுதிய தாளை உடனே அகற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் முந்தையதைப் பார்த்தே அடுத்ததைப் போடுவார். ஒன்றிரண்டு போதாது: ஒருவர் இரு முறை அச்சுப்போல ஒரே மாதிரி கையொப்பமிடுவதில்லை, அந்த இயல்பான வேறுபாட்டின் எல்லை தெரிந்தால்தான் ஒப்புநோக்க முடியும். இரண்டு கையொப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தினால், ஒற்றியெடுத்ததோ என்றுதான் ஐயுற வேண்டும்.

அசலையே அனுப்புங்கள். நகலில் பேனாவின் அழுத்தமும், தயங்கி நின்ற இடமும், கோடுகள் குறுக்கிடுமிடத்தில் எது முந்தியது என்பதும் பெரும்பாலும் மறைந்துவிடும். உறைமேல் எழுதவேண்டியதை ஆவணத்தை உள்ளே வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் அந்த அழுத்தம் தாளில் பதிந்து, ஏற்கெனவே அதிலிருந்த அழுத்தத் தடத்தைக் கெடுத்துவிடும்.