கூகுளில் எடுத்த காளை உங்கள் காளை இல்லை

போன வாரம் மறுபடியும் அதே காளைத் தலை வந்தது. தருமபுரியில் லோகோ, ஜெர்சி வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்த வருடத்தில் மட்டும் இது மூன்றாவது தடவை. சிவப்பு முகம், நுனி சிவந்த கொம்பு, முறைக்கிற கண். சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி 1966 முதல் வைத்திருக்கும் லோகோ அது. கொண்டுவந்தது ஒரு கல்லூரியின் கபடி அணி. அணிக்குப் புதுப் பெயர், புது லோகோ வேண்டுமாம். நான்கு நாளில் ஜோன் மேட்ச், அதாவது மண்டல அளவிலான போட்டி.

"கலரை நீலமாக்கிடுங்க அக்கா. மூக்குல ஒரு வளையம் போட்டுடுங்க. முப்பது பர்சென்ட் மாத்திட்டா நம்மளோடதுதானே?"

இந்தச் சதவீதக் கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ. சிலர் பத்து என்கிறார்கள், சிலர் இருபது. ஒரு கல்லூரி முதல்வர் என்னிடம் ஐம்பது என்று அடித்துச் சொன்னார். தயவுசெய்து கேளுங்கள்: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை, 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்திலும் இல்லை. இரண்டு லோகோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை கோடு மாறியிருக்கிறது என்று யாரும் எண்ண மாட்டார்கள். வணிகச் சின்ன விவகாரத்தில், பழையதை அரைகுறையாக ஞாபகம் வைத்திருக்கும் சாதாரண ஆள் புதியதைப் பார்த்துக் குழம்புவாரா என்பதுதான் கேள்வி. பதிப்புரிமையில், அந்தப் படத்தின் முக்கியமான பகுதியை எடுத்தீர்களா என்று பார்ப்பார்கள். நிறம் மாற்றுவது, திசை திருப்புவது, வளையம் போடுவது எதுவும் உதவாது. என்னிடம் வரும்போதே "புல்ஸ் லோகோ மாதிரி" என்றுதானே சொல்கிறீர்கள்? உங்களுக்கே அப்படித் தெரிந்தால் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

"கூகுள்ல ஃப்ரீயாத்தானே இருக்கு" என்பது அடுத்தது. கூகுள் தேடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். சந்தையில் கட்டியிருக்கிற மாட்டை எல்லோரும் பார்க்கலாம். அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போக முடியாது. படங்களை விற்கும் ஸ்டாக் தளத்தில் காசு கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலும் அதை லோகோவாக வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. அதே படத்தை இன்னும் ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரே மைதானத்தில் இரண்டு கல்லூரிகள் ஒரே புலித் தலையோடு மோதின. அதில் ஒன்று நான் அச்சடித்த ஜெர்சி. அவர்கள் கொடுத்த படத்தை எங்கே எடுத்தது என்று கேட்காமல் போட்டது என் தவறு. அன்று ராத்திரி அந்த அணியின் கேப்டன் போன் செய்து "எங்களைப் பாத்துச் சிரிச்சாங்க அக்கா" என்றான். அதற்குப் பிறகு கேட்காமல் எதையும் மெஷினில் ஏற்றுவதில்லை.

அமெரிக்க அணிகளைப் பார்த்துத்தான் இந்த ஆசை வருகிறது. அங்கே பெயர் மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதையும் பாருங்கள். நார்த் டகோட்டா பல்கலைக்கழகத்து அணிகளுக்கு ஒரு பூர்வகுடி இனத்தின் பெயர் இருந்தது. பல வருடச் சர்ச்சைக்குப் பிறகு 2012இல் அதைக் கைவிட்டார்கள். புதுப் பெயரை வாக்கெடுப்பு வைத்து 2015இல்தான் முடிவு செய்தார்கள். நடுவில் மூன்று வருடம் பட்டப்பெயரே இல்லாமல் விளையாடினார்கள். மார்க்கெட் (Marquette) என்ற இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் 2005இல் மாணவர்களைக் கேட்காமல் 'கோல்ட்' என்று பெயர் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. நீங்கள் நான்கு நாளில் கேட்கிறீர்கள்.

பி.டி. சார்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுங்கள். அலுவலக அறையில் முடிவு செய்த பெயரை மைதானத்தில் யாரும் கத்த மாட்டார்கள். சாதியைக் குறிக்கும் பெயரோ நிறச் சேர்க்கையோ வந்துவிடக் கூடாது. நம் பக்கத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. பெயர் முடிவானதும் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தேடுவதற்குக் காசில்லை. பதிவு செய்வதென்றால் உடைக்கு 25ஆம் வகுப்பு, கல்விக்கும் விளையாட்டுக்கும் 41. ஆன்லைனில் வகுப்புக்கு 9,000 ரூபாய். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வரைந்தவரிடம் உரிமையை எழுதி வாங்குங்கள், அது மாணவனாக இருந்தாலும். வாய்ச்சொல் செல்லாது.

லோகோவை வாட்ஸ்அப்பில் ஜேபெக் படமாக அனுப்பாதீர்கள். வரைந்த கோரல் டிரா ஃபைலாகவோ பிடிஎஃப்பாகவோ கொடுங்கள். கறுப்பு ஒரே நிறத்தில், மூன்று அங்குல அளவில் அடித்துப் பாருங்கள். அதில் புரியாத லோகோ நெஞ்சில் தைத்தாலும் புரியாது. தமிழில் பெயர் போடுகிறீர்கள் என்றால் ரொம்ப சந்தோஷம். ஆனால் எழுத்தை கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டுப் படமாக மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் வேறு கம்ப்யூட்டரில் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எம்பிராய்டரியில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'தகடூர்' என்று கொடுத்து 'தகடூர' என்று நெஞ்சில் சுமந்த அணியை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தக் கபடிப் பிள்ளைகளிடம், "உங்க வீட்டுல என்ன மாடு இருக்கு?" என்று கேட்டேன். பென்னாகரத்துப் பையன் ஒருவன், "தாத்தா ஆலம்பாடி வச்சிருந்தாரு" என்றான். நம் பக்கத்து நாட்டு மாட்டு இனம். அடர்ந்த சாம்பல் நிறம், புடைத்த நெற்றி, நெருக்கமாக முளைத்துப் பின்னால் வளைந்து எழும் நீளக் கொம்பு. சிகாகோ காளையோடு யாரும் குழப்பிக்கொள்ளவே முடியாத கொம்பு. கேட்டதும் மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ஆலம்பாடின்னே வச்சுக்கலாம் சார்" என்று இரண்டு பேர் சேர்ந்து சொன்னார்கள்.

இந்த ஜோன் மேட்சுக்குக் கல்லூரிப் பெயரும் எண்ணும் மட்டும் போட்ட ஜெர்சியில் போகட்டும் என்றேன். பி.டி. சாருக்கு மனசில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார். பையன் தாத்தா வீட்டுப் பழைய போட்டோ ஒன்றை அனுப்பியிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். நூலில் உடையாமல் வர, கொம்பு நுனியை இன்னும் கொஞ்சம் தடிமனாக்க வேண்டும்.