உதிர்த்து வளரும் மூளை

'பத்து' என்று சொல்லும்போது நாக்கின் நுனி மேற்பல்லைத் தொடுகிறது. 'பட்டு' என்னும்போது அதே நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. தமிழ்க் காதுக்கு இவை வெவ்வேறு ஒலிகள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பெரியவர் ஒருவருக்கோ இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கேட்கும். அவருடைய செவியில் குறை எதுவும் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அவரும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கக்கூடியவர்தான்.

கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் நடத்தி 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பெற்றோர் மடியில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு இந்தியின் 'த' ஒலி திரும்பத் திரும்ப ஒலிக்கும். அது 'ட' ஒலியாக மாறியதைக் கவனித்துக் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்துப் பெட்டியில் விளக்கு எரிந்து உள்ளே ஒரு பொம்மை அசையும். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். ஓராண்டு நிறைவதற்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது நிலைத்திருந்தது.

மூளையின் வளர்ச்சியில் சேர்ப்பதற்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு உதிர்ப்பதற்கும் உண்டு. வளர்ந்த மனிதரின் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. இவற்றுள் பெருமூளையில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை பிறக்கும்போதே உருவாகிவிட்டவை. பிறந்த பின் பெருகுபவை அவற்றுக்கிடையிலான இணைப்புகள். பீட்டர் ஹட்டன்லோக்கர் மின்னணு நுண்ணோக்கியின்கீழ் இந்த இணைப்புகளைப் பொறுமையாக எண்ணி 1979-இல் வெளியிட்ட கணக்கின்படி, மூளையின் முன்பகுதியில் அவற்றின் அடர்த்தி 1 முதல் 2 வயதில் உச்சத்தை எட்டி, பெரியவர்களுக்கு உள்ளதைவிடப் பாதியளவு கூடுதலாக இருக்கிறது. பிறகு, அடிக்கடி பயன்படும் இணைப்புகள் வலுப்பெற, பயன்படாதவை பதின்பருவம் வரை மெல்ல மெல்லக் களையப்படுகின்றன. மேற்சொன்ன ஒலித்திறன் மங்குவதற்கு இந்தக் களைதலே நேரடிக் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. கடும் பயிற்சியால் பெரியவர்களும் அதை ஓரளவு மீட்க முடிகிறது.

பார்வையில், பயன்படாதது மங்கும் என்ற இந்த விதி இன்னும் கண்டிப்பானது. டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடி வைத்தார்கள். பின்னர் திறந்தபோது, கண் நலமாக இருந்தும் மூளையின் பார்வைப் பகுதி அதற்குச் செவிசாய்க்கவில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை அப்படி மூடியபோது அந்தப் பாதிப்பு ஏற்படவில்லை. பிறவிக் கண்புரைக்குச் சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர்கள் அவசரப்படுவது இதனால்தான். குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிந்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எல்லாப் பகுதிகளும் ஒரே காலத்தில் முதிர்வதில்லை. பார்வை, செவிப் பகுதிகள் முந்திக்கொள்ள, திட்டமிடலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது.

அதன் பின்னும் மூளை இறுகிவிடுவதில்லை. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் பெறுவதற்குச் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் பதிக்க வேண்டும். அதற்கு 3 முதல் 4 ஆண்டுகள் ஆகும். எலினோர் மக்வயரும் கேத்தரின் வூலட்டும் அவ்வாறு பயின்ற 79 பேரைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் செய்து, ஆண்டுகள் கழித்து அவர்களில் 59 பேரை மீண்டும் ஸ்கேன் செய்தார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு, இடங்களைப் பற்றிய நினைவைத் தாங்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியின் பின்புறம் பருத்திருந்தது. தேர்ச்சி பெறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தொடக்க ஸ்கேனில் இரு சாராருக்கும் இடையே வேறுபாடும் இருக்கவில்லை.