காருக்குள் குடியேறிய புகை

சிகரெட் பிடிப்பவரிடமிருந்து கைமாறி வந்த காரைக் கதவு திறந்தபடி இரண்டு நாள் காற்றாட விட்டால் நாற்றம் போய்விட்டது போலத்தான் இருக்கும். பிறகு ஒருநாள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள். கதவைத் திறந்ததும் பழைய நாற்றம் அப்படியே முகத்தில் அடிக்கும். காற்றில் இருந்த புகை என்றோ வெளியேறிவிட்டது. இப்போது மூக்கில் ஏறுவது காரின் உட்புறமே கசியவிடும் ஆவி.

சிகரெட் புகையில் வாயுக்களோடு தார்த் துளிகளும் மிதக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் குறுக்களவு 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. இத்தனை சிறிய துளிகள் சட்டென்று தரையில் விழுவதில்லை. காற்று போகும் இடமெல்லாம் போய், கூரைத் துணியின் இழைகளுக்குள்ளும் இருக்கையின் ஃபோமுக்குள்ளும் ஏசி குழாய்க்குள்ளும் ஒட்டிக்கொள்கின்றன. இப்படிப் படியும் பிசுபிசுப்பான படலத்தில் நிகோடின், பிரிடின் வகைச் சேர்மங்கள், பீனால்கள், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் கரைந்து கிடக்கின்றன. மறுநாள் காலையில் வரும் அந்தப் 'பழைய ஆஷ்ட்ரே' நாற்றத்தில் பிரிடின் வகைச் சேர்மங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

படலத்துக்கும் காருக்குள் உள்ள காற்றுக்கும் இடையே ஓயாத கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. காற்றை மாற்றினால் படலம் கொஞ்சம் ஆவியை விட்டுப் பழைய அளவுக்கு நிரப்பிவிடும். வெப்பம் ஏறினால் இந்தக் கசிவு பல மடங்காகும். நிகோடின் போன்ற சேர்மங்களின் ஆவியழுத்தம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியை எளிதில் தொடும். 30 டிகிரியில் மூக்குக்கு எட்டாமல் இருந்தது 70 டிகிரியில் பதினாறு மடங்கு வீரியத்தோடு எழும். ஈரப்பதமும் இதே வேலையைச் செய்கிறது. நீர் மூலக்கூறுகள் பரப்பில் இடம் பிடித்து, அங்கே ஒட்டியிருந்த நாற்ற மூலக்கூறுகளை வெளியே தள்ளுகின்றன. மழைநாளில் நாற்றம் கூடுவது அதனால்தான்.

ஆகவே வாசனைத் திரவியம், கண்ணாடியில் தொங்கும் அட்டை மரம், ஜெல் டப்பா எல்லாம் வீண்செலவு. படலத்தைக் கரைத்துத் துடைத்து, அந்த அழுக்குத் தண்ணீரைக் காரைவிட்டு வெளியே கொட்டுவதுதான் வேலை. மற்றவை அதற்குத் துணை. இதில் நாற்றம் மட்டும் பிரச்சினை இல்லை. பரப்பில் படிந்த நிகோடின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோயுடன் தொடர்புள்ள நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஆய்வு 2010இல் காட்டியது. புகைபிடிப்பவர் ஓட்டிய ஒரு வாகனத்தின் உட்பரப்புகளிலும் அவர்கள் அவற்றைக் கண்டார்கள். கையுறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

வினிகர் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொல்பவர்கள் குறைவு. நிகோடின் ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. அமிலச் சூழலில் அது ஒரு புரோட்டானை ஏற்று உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது, தண்ணீரில் நன்றாகக் கரையும். அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஎச் அளவுகோலில் 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம். பிஎச் 8 அளவில் பாதி நிகோடின் உப்பாகவும் பாதி ஆவியாகக்கூடிய காரமாகவும் இருக்கும். பிஎச் 6க்கு இறங்கினால் ஏறக்குறைய 99 விழுக்காடு உப்பு. பிஎச் 10க்கு ஏறினால் நிலைமை அப்படியே தலைகீழ். ஆனால் தார் எண்ணெய்த்தன்மை உடையது. அதைக் கிளப்ப வினிகர் போதாது, காரத்தன்மையுள்ள கிளீனர்தான் வேண்டும். எனவே முதலில் காரம், பிறகு அமிலம். கார கிளீனரைத் தெளித்தவுடன் நாற்றம் திடீரென்று கூடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். நிகோடின் ஆவி வடிவத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். நான்கு கதவுகளும் திறந்திருக்கட்டும்.

ஈரத்தைக் கையில் எடுக்குமுன் உலர்ந்த வேலையை முடித்துவிட வேண்டும். சாம்பலில் தண்ணீர் பட்டால் கரும்பசையாகி கார்ப்பெட் இழைக்குள் இறங்கிவிடும். ஆஷ்ட்ரேயைக் கழற்றுங்கள், மிதியடிகளை எடுங்கள், இருக்கையை முன்னே தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை, தண்டவாளத்தின் இடுக்கு வரை வேக்யூம் போடுங்கள். ஹெபா ஃபில்டர் உள்ள வேக்யூம் நல்லது. சாதாரணப் பையில் நுண்ணிய சாம்பல் பின்பக்கமாக மறுபடியும் காருக்குள்ளேயே வந்துவிடும். இருக்கையைக் கழற்றினால் வேலை சுலபம்தான், ஆனால் அதன் அடியில் மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டர்கள் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து பிறகே அவற்றைத் தொட வேண்டும். கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருகினால் ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்து அழிக்கும் வரை அணையாது.

அடுத்து கடினப் பரப்புகள். காரத்தன்மையுள்ள ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு பங்குக்குத் தண்ணீர் 10 பங்கு. மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து மேலிருந்து கீழாகத் துடையுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஓட்டுநர் பக்கத்து சன்வைசரைக் கீழே இறக்கி, கூரையைப் பார்த்திருந்த பக்கத்தில் வெள்ளைத் துணியால் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். துணியில் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் ஒரு பட்டை விழும். பக்கத்தில் கதவுத் தூணின் பிளாஸ்டிக் உறையில் தெளித்துச் சில விநாடி விட்டால் அதே நிறத்தில் கோடுகளாக வழியத் தொடங்கும். துணி நிறம் மாறாமல் வரும்வரை துடைப்பதுதான் கணக்கு. வழக்கமாக மூன்று, நான்கு சுற்று ஆகும். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 250 மி.லி. வெள்ளை வினிகர் கலந்து ஒரு சுற்று, கடைசியாக வெறும் தண்ணீரில் ஒரு சுற்று. தோல் இருக்கைக்கு இந்தக் கார கிளீனர் ஆகாது. பிஎச் நடுநிலையான தோல் கிளீனரே போதும்.

உட்கண்ணாடிக்கு 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் இரண்டு துணியும் வேண்டும். ஒன்றில் கரைத்து, மற்றதில் உலர்த்த வேண்டும். ஒரே துணி என்றால் படலம் கண்ணாடி முழுவதும் பரவி, இரவில் எதிர்வரும் விளக்கொளி சிதறும்.

கூரைத் துணியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். புகை மேலே எழுவதால் அதிகம் குடிப்பதும் அதுதான். மெல்லிய துணி, அதன் பின்னே சில மில்லிமீட்டர் ஃபோம், அதற்குப் பின்னே அச்சில் வார்த்த அட்டை, எல்லாம் பசையால் ஒட்டியவை. நேராகத் தெளித்து நனைத்தாலோ நீராவி காட்டினாலோ பசை விட்டுப்போய்த் துணி தொங்கிவிடும். தொங்கிய கூரையைப் பழையபடி ஒட்டுவது கடினம். எனவே கிளீனரின் நுரையை மட்டும் துணியில் எடுத்து, 30 செ.மீ. சதுரமாகப் பிரித்துக்கொண்டு, ஒரே திசையில் அழுத்தாமல் துடைத்து, உடனே ஈரத்துணியால் எடுத்து, காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். முழுதும் காய்ந்தபிறகு மறுநாள் இன்னொரு சுற்று.

துணி இருக்கைக்கும் கார்ப்பெட்டுக்கும் சுடுதண்ணீரைப் பாய்ச்சி உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்டர் இருந்தால் பாதி வெற்றி. தண்ணீர் 50 முதல் 60 டிகிரி. ஒருமுறை பாய்ச்சினால் மூன்று முறையாவது உறிஞ்ச வேண்டும். ஃபோமுக்குள் தங்கும் ஈரம் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். புகை நாற்றத்தைக் கொடுத்துவிட்டுப் பூஞ்சை நாற்றத்தை வாங்கிய கதையாகும். வேலை முடிந்ததும் கதவு திறந்து மின்விசிறி வைத்தே ஆக வேண்டும்.

சீட் பெல்ட்டை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுவார்கள். கடைசி வரை வெளியே இழுத்து, சுருள் உள்ளே போகாதபடி ஒரு கிளிப் போட்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் இழை வழியே தேயுங்கள். வெளிர் நிற பெல்ட் என்றால் தினமும் வெளியே கிடந்த நீளமும் சுருளுக்குள் பதுங்கியிருந்த நீளமும் இரண்டு நிறமாகத் தெரியும். ப்ளீச் வேண்டவே வேண்டாம், இழையின் வலுவைக் குறைக்கும். அதோடு ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

சமையல் சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுப்பு அமிலம் போன்ற அமில நாற்றத்தை அது அடக்கும். காரமான நிகோடினிடமும் பிரிடினிடமும் அதன் பாச்சா பலிக்காது. கார்ப்பெட்டில் மெல்லியதாகத் தூவி ஓர் இரவு விட்டு உறிஞ்சி எடுக்கலாம், தவறில்லை. வினிகரையும் அதையும் ஒன்றாகக் கலப்பவர்களுக்குக் கிடைப்பது நுரையும், இரண்டின் வேலையும் கெட்ட ஒரு உப்புத் தண்ணீரும்தான்.

இனி ஏசி. உள்சுழற்சியில், அதாவது உள்காற்றையே சுற்றவிடும் நிலையில், வைத்துக்கொண்டு புகைபிடித்தால் அத்தனை புகையும் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரின் குளிர்ந்த, ஈரமான அலுமினியத் தகடுகள் வழியே திரும்பத் திரும்பப் போகிறது. ஏசி போட்ட முதல் நிமிடத்தில் மட்டும் நாற்றம் பலமாக வந்தால் குற்றவாளி அதுதான். பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை எடுத்துத் தூர எறியுங்கள். எவாப்பரேட்டருக்கென்று விற்கும் நுரை கிளீனரை, டப்பாவில் சொல்லியபடி வடிகுழாய் வழியாகவோ ஃபில்டர் இடம் வழியாகவோ செலுத்தி, 15 நிமிடம் ஊறவிட்டு ஃபேனை ஓட்டினால் அழுக்கு நீர் காருக்கு அடியில் சொட்டும். சொட்டவில்லை என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் தொடர்ந்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு வரும். ஃபில்டர் இடத்துக்கு அருகில் புளோயர் ரெசிஸ்டர் என்ற, ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பாகம் இருப்பதுண்டு, அதன்மேல் நுரை படக்கூடாது. புது ஃபில்டரை இப்போதே போட்டுவிடாதீர்கள்.

காரணம் ஓசோன். எட்டாத இடுக்குகளில் மிஞ்சிய மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளை உடைப்பதில் ஓசோன் கெட்டிக்காரன். கரி ஃபில்டர் உள்ளே இருந்தால் ஓசோனை அதுவே தின்றுவிடும். ஓசோன் உண்டாக்கும் இயந்திரத்தை முன்னிருக்கையில் உயரமாக வையுங்கள், ஓசோன் காற்றைவிடக் கனமானது. திறந்தவெளியில் காரை நிறுத்தி, ஏசி உள்சுழற்சி, ஃபேன் குறைந்த வேகம், 30 நிமிடம். பிறகு கதவைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரமாவது விலகி இருங்கள். உள்ளே ஆளோ விலங்கோ இருக்கவே கூடாது. அமெரிக்கப் பணியிட விதியில் 8 மணி நேரச் சராசரி வரம்பே 0.1 பிபிஎம்தான் (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு), இந்த இயந்திரங்கள் அதைத் தாண்டி எங்கோ போய்விடும். அளவு மீறினால் இயற்கை ரப்பரில் வெடிப்பு விடும். துடைக்காத காரில் ஓசோன் ஓட்டுவதோ இன்னும் மோசம். தடித்த படலத்தின் மேல்தோலை மட்டும் எரித்து, ஃபார்மால்டிஹைடு போன்ற புதிய சேர்மங்களை உண்டாக்கிவிட்டு, நான்காம் நாள் பழைய நாற்றத்தைத் திருப்பித் தரும்.

வெயில் செலவில்லாத கருவி. கண்ணாடிகளை ஏற்றி இரண்டு மணி நேரம் சுட வைத்து, நான்கு கதவையும் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, மறுபடியும் மூடுங்கள். சூடு நாற்றத்தை வெளியே இழுக்கும், காற்று அதைக் கொண்டுபோகும். ஒரு வாரம் தினமும் இப்படிச் செய்யலாம். இரவில் இருக்கைகளுக்கு அடியில் துணிப்பையில் 1 கிலோ கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) இருக்கட்டும். ஒரு கிராமுக்கே ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்புள்ள பொருள் அது. வழக்கமான சமையல் கரி அதற்கு ஈடாகாது.

எல்லாம் முடிந்ததா என்று உங்கள் மூக்கைக் கேட்காதீர்கள். சில நிமிடங்களில் பழகிப் பொய் சொல்லும். சுத்தமான பருத்தித் துணித் துண்டுகளைக் கூரை, இருக்கை, கார்ப்பெட் மூன்றிலும் ஒவ்வொன்றாக வைத்து, மேலே அலுமினியத் தாளால் மூடி ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிறகு தனித்தனியே மூடியுள்ள கண்ணாடிச் சீசாக்களில் அடைத்து, காருக்கு வெளியே, புகைபிடிக்காத ஒருவரை முகரச் சொல்லுங்கள். எந்தச் சீசா நாறுகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு சுற்று. மூன்றும் தேறினால் புது கேபின் ஃபில்டரைப் போடலாம். கூரைச் சீசா மட்டும் மூன்றாவது முறையும் நாறினால், அந்தத் துணியையும் ஃபோமையும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டக் கொடுத்துவிடுங்கள்.