அனிமே ஸ்ட்ரீமிங்: பார்ப்பதும் இறக்குவதும் பகிர்வதும் சட்டத்தில் ஒன்றல்ல

ஓசியில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பார்த்தால் கேஸ் வருமா? ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. பார்த்தீர்களா, டவுன்லோடு செய்தீர்களா, பிறருக்கும் கொடுத்தீர்களா என்று சட்டம் தனித்தனியாகக் கேட்கும்.

முதலில், உரிமை யாருடையது? பதிப்பகம், டிவி நிறுவனம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எனப் பலர் பணம் போட்டுத் 'தயாரிப்புக் குழு' அமைப்பதுதான் ஜப்பானில் வழக்கம். படத்தை வரைந்த ஸ்டூடியோவுக்கு அதில் பங்கே இல்லாமலும் போகலாம். இந்தக் குழு நாடுவாரியாக, குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் விற்கிறது. போன மாதம் பாதி பார்த்து வைத்த தொடர் இன்று ஆப்பில் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

உங்கள் நாட்டில் யாரும் உரிமம் வாங்கவில்லை என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. பதிப்புரிமைக்காக நாடுகள் 1886-இல் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையில் ஜப்பான் 1899-லேயே சேர்ந்துவிட்டது. உறுப்பு நாடுகள் அனைத்திலும் அதன் படைப்புகளுக்குப் பாதுகாப்பு உண்டு. மொழிபெயர்க்கும் உரிமையும் அதில் அடக்கம் என்பதால், ரசிகர்கள் ஆசையாகப் போடும் சப்டைட்டிலும் அனுமதி இல்லையென்றால் மீறல்தான்.

இனி, பார்ப்பது. ப்ளேயை அழுத்தியதும் வீடியோ சில விநாடித் துண்டுகளாக வந்து, மெமரியில் தங்கி, அழிகிறது. இந்தத் தற்காலிக நகலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டா என்பதில்தான் சிக்கல். உரிமமற்ற இடம் என்று தெரிந்தே பார்த்தால் விலக்கு இல்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஜப்பானிலோ வெறுமனே பார்ப்பது குற்றமல்ல. ஆனால் காசுக்கு விற்கப்படும் வீடியோவைத் திருட்டு நகல் என்று தெரிந்தே டவுன்லோடு செய்தால், 2012 அக்டோபர் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்லோடு செய்தால் 10 ஆண்டு, 1 கோடி யென் வரை போகும். அமெரிக்காவின் 2020 சட்டம் குறிவைப்பது திருட்டு ஸ்ட்ரீமிங்கைத் தொழிலாக நடத்துபவர்களை, பார்வையாளர்களை அல்ல.

பலர் மாட்டிக்கொள்வது டோரண்டில், அதாவது பயனர்கள் ஒருவருக்கொருவர் ஃபைல் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் முறையில். 'நான் பார்க்க மட்டும்தான் இறக்கினேன்' என்பார்கள். அந்த மென்பொருளின் மூலையில் அப்லோடு எண் ஏறிக்கொண்டே இருக்கும். வந்து சேர்ந்த துண்டுகளை அது அப்போதே அடுத்தவருக்கு அனுப்புகிறது. விநியோகித்தவர் நீங்கள்தான்.

ஓசி என்றாலே திருட்டு என்றும் இல்லை. மியூஸ் ஏசியா போன்ற உரிமம் பெற்ற யூடியூப் சேனல்கள் முழுத் தொடர்களையே இலவசமாகத் தருகின்றன. அனிமே ஸ்ட்ரீமிங் தளமான கிரஞ்சிரோலின் கதை இன்னும் வேடிக்கை: 2006-இல் ரசிகர்கள் ஏற்றிய அனுமதியற்ற வீடியோக்களோடு தொடங்கிய தளம், 2009 வாக்கில் உரிமம் வாங்கும் நிறுவனமாக மாறியது. நடுவில் வந்தது ஒப்பந்தக் காகிதம். சந்தேகம் இருந்தால் தொடரின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பாருங்கள். எந்தெந்தத் தளங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அங்கேயே போட்டிருப்பார்கள்.