இன்சூரன்ஸ் ‘கையில் இல்லை’ என்பது வேறு, ‘இல்லை’ என்பது வேறு

போன மாதம் என் அக்கா மகன் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது மேம்பாலத்துக்குக் கீழே வண்டிச் சோதனை நடந்திருக்கிறது. டிக்கியைத் திறந்தான். நனைந்த ரெயின்கோட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஈரம் இறங்கி, இன்சூரன்ஸ் தாளும் வண்டிப் பதிவுச் சான்றான ஆர்சியின் ஜெராக்ஸும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரிக்கப் பார்த்ததில் தேதி இருந்த இடம் நார்நாராக வந்துவிட்டது. அதிகாரி கையிலிருந்த மெஷினில் வண்டி நம்பரைத் தட்டினார், அதிலும் பழைய தேதிதான் வந்தது. பதற்றத்தில் இவன் “இன்சூரன்ஸ் இல்லை சார்” என்று சொல்லிவிட்டான். 2,000 ரூபாய்க்குச் சலான். அங்கேயே போனில் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, “மாமா, எனக்கு இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் எதுக்கு ரெண்டாயிரம்?” என்று கேட்டான்.

அவன் பாலிசி முடிய இன்னும் 7 மாதம் இருந்தது. “பாலிசி இருக்கிறது சார், தாள் நனைந்துவிட்டது, ஸ்டேஷனில் கொண்டுவந்து காட்டுகிறேன்” என்று அவன் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல சட்டமே இடம் கொடுக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. பலருக்கும் தெரியாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, பொது இடத்தில் ஓடும் வண்டிக்குக் குறைந்தது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸாவது, அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படும் இன்னொருவருக்கான இன்சூரன்ஸாவது, இருக்க வேண்டும் என்கிறது. அது இல்லாமல் ஓட்டினால் 196-ஆவது பிரிவு: முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. ஓட்டியவர் மட்டுமல்ல, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டக் கொடுத்தவரும் இதில் மாட்டுவார். நண்பருக்குச் சாவியை நீட்டும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்சூரன்ஸ் இருந்து, அதைக் காட்ட முடியாமல் போவது வேறு கணக்கு. 158-ஆவது பிரிவின்படி, சீருடையில் இருக்கும் அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் இன்சூரன்ஸ் சான்றிதழைக் காட்ட வேண்டும். அப்போது கையில் இல்லை என்றால், 7 நாளுக்குள் எந்த ஸ்டேஷனில் காட்டுகிறேன் என்று சொல்லி, அதன்படி அங்கே போய்க் காட்டிவிட்டால், காட்டத் தவறியதற்காக மட்டும் தண்டிக்க முடியாது. நிறுத்தியவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைச் சேர்ந்த அதிகாரி என்றால் 130-ஆவது பிரிவு வரும். அதில் 15 நாள் அவகாசம் உண்டு. சான்றொப்பம் வாங்கிய நகலை நேரிலோ பதிவுத் தபாலிலோ கேட்ட அதிகாரியிடம் சேர்த்தால் போதும். ஆட்டோ, டாக்ஸி, லாரி ஓட்டுபவர்களுக்கு 158-இன் 7 நாள் சலுகை இதே மாதிரி பொருந்தாது, விதிகள் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவுதான். அவர்கள் ஆவணத்தைக் கையோடு வைத்திருப்பதே நல்லது.

ஆக, சோதனையில் நிற்கும்போது வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் முக்கியம். பாலிசி உயிரோடு இருந்தால் ‘இல்லை’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். சலான் வந்துவிட்டால், கட்டும் முன் அதில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 196 என்று இருந்தால் அது இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டிய குற்றம். கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது. என் மருமகன் விஷயத்திலும் அப்படித்தான் ஆனது.

இப்போது யாரும் தாளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய அறிவுரையில், அரசின் செயலிகளான டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் இருக்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று சொன்னது. இன்சூரன்ஸ் விவரம் ‘வாகன்’ என்ற அரசின் வண்டிப் பதிவுத் தரவுத்தளத்தில் ஏறி, பாலிசி நடப்பில் இருப்பதாகக் காட்டினால் தாள் தேவையில்லை என்றும் அதில் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்டு, தாளாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்று ஆனது. 2020 அக்டோபர் 1 முதல் இன்னும் ஒரு படி: அதிகாரி கணினி வழியாகச் சரிபார்த்துவிட்டால், தாளைக் கொடு என்று கேட்கக் கூடாது. ஆனால் போன் கேலரியில் கிடக்கும் மங்கலான போட்டோவை நம்பாதீர்கள். டிஜிலாக்கருக்கும் எம்பரிவாகனுக்கும் உள்ள மதிப்பு அதற்கு உண்டு என்று நடுரோட்டில் வாதாடி ஜெயிப்பது கஷ்டம்.

சரி, வாகன் தளத்தில் இருந்தால் போதும் என்றால், மருமகன் வண்டிக்கு ஏன் பழைய தேதி காட்டியது? அன்று ராத்திரி அவன் பாலிசி பிடிஎஃப்பையும் ஆர்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தோம். வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரில், ஆர்சியில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருந்த இடத்தில், பாலிசியில் 8 என்று இருந்தது. புதுப்பிக்கும்போது யாரோ தட்டியதில் வந்த பிழை. பாலிசி உண்மையானது, பணமும் கட்டியாகிவிட்டது, ஆனால் அந்த ஓர் எழுத்தால் பாலிசி விவரம் வண்டியோடு போய்ச் சேரவில்லை.

அதனால் பாலிசி மெயிலில் வந்தவுடன் ‘பணம் போயிடுச்சு, வேலை முடிஞ்சுது’ என்று மூடிவிடாதீர்கள். 10 நிமிடம் உட்கார்ந்து படியுங்கள். வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பெயர் எல்லாம் ஆர்சியில் உள்ளபடி இருக்கிறதா? க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அதே விவரம் வருகிறதா? புரோக்கர் மலிவாகப் போட்டுத் தந்தார் என்றால் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் பாலிசி நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். போலி பாலிசி விற்பவர்கள் இருக்கிறார்கள். தாளின் அச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், அடிபட்டவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது.

தேதியில் இரண்டு இடத்தில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ஒன்று, புது வண்டி பாலிசி. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அடுத்து, 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக்குக்கு 5 வருடமும் புது காருக்கு 3 வருடமும் தேர்ட் பார்ட்டி பாலிசி மொத்தமாக எடுக்க வேண்டும். ஆனால் நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடம்தான் இருக்கும். ஆகவே ஒரே சான்றிதழில் இரண்டு முடிவுத் தேதிகள். சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டி தேதியை. முதல் வருடம் முடிந்ததும் ‘இன்சூரன்ஸ் போயிடுச்சு’ என்று பயந்து மறுபடி முழு பாலிசி வாங்கி இரட்டிப்பாகப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சேதப் பகுதியை மட்டும் தனியாக வாங்கலாம், வேண்டாம் என்றால் விட்டும் விடலாம். சோதனையில் யாராவது முதல் தேதியைப் பார்த்து முடிந்துவிட்டது என்றால், இரண்டாவது வரியை விரல் வைத்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, நேரம். தொடங்கும் தேதியோடு மணியும் அச்சாகியிருந்தால் பாதுகாப்பு அந்த மணியிலிருந்துதான் தொடங்குகிறது. காலையில் விபத்து, மதியம் ஓடிப்போய்ப் பாலிசி எடுத்தேன் என்பது செல்லாது. முந்தைய பாலிசி நேற்று நள்ளிரவு முடிந்து, புதியது நாளை தொடங்குகிறது என்றால், இன்று ஒரு நாள் வண்டி இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. அந்த ஒரு நாள் வெளியே எடுக்காதீர்கள், பால் வாங்கக்கூட. பாலிசிக்குப் பதில் கவர் நோட் என்ற தற்காலிகச் சான்று கொடுத்திருந்தால் அது 60 நாள் செல்லும், அதற்குள் பாலிசி கைக்கு வந்துவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி கை மாறினால் அதன் தேர்ட் பார்ட்டி பாதுகாப்பும் வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இருந்தாலும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்ற வேண்டும். விற்பவருக்கும் ஒன்று உண்டு. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருடையது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் பெயர் மாற்றாமலும் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமலும் ஓட்டி யார்மீதாவது மோதினால், நோட்டீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் போலீஸிடம் காட்டுவது பற்றி. என்னைக் கேட்டால், இந்தத் தாள் உண்மையில் ரோட்டில் விழுந்து கிடக்கும் இன்னொருவருக்காக இருக்கிறது. அபராதம் 2,000 ரூபாயோடு போய்விடும், விபத்து அப்படிப் போகாது. ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ, விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும், உச்ச வரம்பு கிடையாது. பாலிசியே இல்லை என்றால் அந்தத் தொகை முழுக்க ஓனர் தலையில். அவரிடம் இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் அடிபட்ட குடும்பம் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், இறப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. வண்டி தெரிந்து, அதற்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் அந்தத் தொகையும் இல்லை. 2025-இல் வந்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் 7 நாள் வரை 1.5 லட்சத்துக்குள் சிகிச்சை கிடைக்கும் என்பது ஓர் ஆறுதல்.

விபத்து நடந்தால் ஓட்டுநர் காயம்பட்டவருக்கு உதவி, போலீஸிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் தகவல் சொல்ல வேண்டும். நஷ்ட ஈடு கேட்பவர் ‘உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, எந்தக் கம்பெனி?’ என்று கேட்டால் மறைக்கக் கூடாது, சட்டப்படி சொல்லியாக வேண்டும். அடிபட்டவர் பக்கம் இருப்பவர்கள் முதல் வேலையாக வண்டி நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து எம்பரிவாகனில் அன்றைக்குப் பாலிசி இருந்ததா என்று பார்க்கலாம். வண்டி விவரத்தையும் இன்சூரன்ஸ் விவரத்தையும் கட்டணம் கட்டி ஸ்டேஷனிலோ பதிவு அலுவலகத்திலோ கேட்டு வாங்கவும் உரிமை உண்டு.

இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கிய வண்டியை, நஷ்ட ஈட்டுக்குப் போதுமான பிணை கொடுக்காமல் விடுவிக்க மாட்டார்கள். பாலிசி இருந்தும் அதன் நகலைக் கொடுக்காத ஓனருக்கும் இதே கதிதான். 3 மாதத்துக்குள் பிணை வராவிட்டால் மாஜிஸ்திரேட் வண்டியைப் பொது ஏலத்தில் விற்று, பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டிவிடலாம். 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை இருக்கும் சாதாரண பைக்குக்கு ஒரு வருடத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனில் நடப்புக்கு வந்தபடி 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இந்தத் தொகையை மிச்சம் பிடிப்பதற்காக வண்டியையும் வீட்டையும் பணயம் வைக்கிறார்களே என்று எனக்கு மனது ஆறவில்லை.

மருமகன் வண்டிக்கு வருகிறேன். கம்பெனிக்கு ஆர்சி நகலை அனுப்பி, சேசிஸ் நம்பரைத் திருத்தி என்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த மாற்றத்துக்கான தாள், கேட்டோம். சில நாளில் திருத்தம் வந்தது. அதற்கு அடுத்த வாரம் எம்பரிவாகனில் நம்பரைத் தட்டினால் சரியான தேதி வந்தது. டிஜிலாக்கரிலும் இறக்கி வைத்திருக்கிறான். இருந்தாலும் புதிதாக ஒரு பிரிண்ட் எடுத்து, ஜிப் வைத்த கவரில் போட்டு, ரெயின்கோட்டுக்கு மேலே வைத்திருக்கிறான், போனில் சார்ஜ் இல்லாத நாளுக்காக.