ஊர்க் குளிர் பெட்டிக்குள் போகாது

போன வாரமும் பழுதுபார்க்க என்னிடம் ஒன்று வந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பெக்டரியில், தேயிலை சலிக்கும் அறையில் தராசுக் கணக்கையும் இரண்டு கேமராவையும் பார்த்துக்கொண்டிருந்த ராஸ்பெரி பை 4, அதாவது உள்ளங்கை அளவுச் சின்னக் கம்ப்யூட்டர் போர்ட். "அண்ணே, மத்தியானமானா இழுத்து இழுத்து வேலை செய்யுது. மெமரி கார்ட் போயிருச்சு போல" என்று ஒரு தம்பி கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தேன். ஃபேன் இறகுகளுக்கு நடுவே பழுப்பு நார் கம்பளி மாதிரி அடைந்திருந்தது. விரலால் தள்ளினாலும் அசையவில்லை. கரண்ட் கொடுத்து வேலை ஏற்றிப் பார்த்தால் சற்று நேரத்தில் 83 பாகை. கார்டில் ஒரு குறையும் இல்லை.

"எத்தனை பாகையில் ஃபேன் சுற்றச் சொல்லி வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"இங்க குளிர்தானே அண்ணே, அதையெல்லாம் யார் பார்த்தா?"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தலவாக்கலையிலிருந்து வந்தாலும் இதே பதில், நானுஓயாவிலிருந்து வந்தாலும் இதே பதில். தயவுசெய்து ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். சிப்புக்கு ஊர் தெரியாது. அதைச் சுற்றி இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கிற காற்றுத்தான் அதற்கு ஊர். வெளியே பனி மூடிக் கிடக்கும்போது லயத்துக் காம்பராவில் அடுப்பைப் பற்றவைத்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் வேர்க்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் நடப்பதும் அதுதான். உள்ளே ஃபேன் வைத்திருந்தாலும், காற்று வந்து போக வழி இல்லாவிட்டால் அது சூட்டைக் கலக்கிவிடும், வெளியேற்றாது. கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தது. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகிற சூடு குறையும். குளிரால் கிடைக்கிற லாபத்தில் ஒரு பகுதியை உயரம் பிடுங்கிக்கொள்கிறது.

இனி அந்தத் தம்பியின் விஷயம். கார்டைப் போட்டு, போர்டின் அமைப்புகளை எழுதி வைக்கிற கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன். ஃபேன் வரியில் வெப்பநிலை 60 என்று இருந்தது. அந்த இடத்தில் பாகையை ஆயிரத்தால் பெருக்கித்தான் எழுதவேண்டும், அதாவது 60000. வெறும் 60 என்றால் 0.06 பாகை. மலைநாட்டில் எந்த இரவிலும் அந்த போர்ட் அவ்வளவு குளிராது. ஆகவே ஃபேன் மாதக்கணக்கில் இரவு பகலாகச் சுற்றி, அறையில் பறந்த நாரையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒருநாள் நின்றுபோயிருக்கிறது. சுற்றுகிற சத்தம் கேட்டதால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டார்கள்.

கோப்பில் கை வைக்கப் பயமென்றால், பையோடு வருகிற ராஸ்பி கான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குள் போய் ஃபேனைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே சாதாரணமாகப் பாகையிலேயே கேட்கும். 60 போடுங்கள். 80 என்று விடாதீர்கள், ஏனென்றால் பை 4 தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்குவதே 80இல்தான். 60இல் தொடங்கிய ஃபேன் 50க்கு இறங்கியதும் நிற்கும். அந்தப் பத்துப் பாகை இடைவெளியைக் குறைக்காதீர்கள், குறைத்தால் நிமிடத்துக்கு நாலு தரம் நின்று நின்று சுற்றி மோட்டார்தான் தேயும். பை 5 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்கென்று இருக்கிற நாலு பின் சொக்கெட்டில் ஃபேனைச் செருகினால் 50, 60, 67.5, 75 என்று படிப்படியாக வேகம் கூடும்.

இரண்டு வயர் ஃபேனை நேராக ஜிபிஐஓ பின்னில், அதாவது போர்ட் கட்டளை அனுப்புகிற கம்பியில், கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தப் பின் தாங்குவது 16 மில்லி அம்பியர். ஃபேன் கேட்பது அதைப்போல் பல மடங்கு. நடுவில் சுவிட்ச் மாதிரி ஒரு டிரான்சிஸ்டரும், ஃபேன் நிற்கும்போது திரும்பி வருகிற மின்னழுத்தத்தைத் தடுக்க அதற்குக் குறுக்கே ஒரு டயோடும் போடுங்கள். சில்லறைக் காசுச் சாமான். அதை மிச்சம்பிடித்து முழு போர்டையும் எரித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிய போர்டோடு வந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அமைத்த பிறகு சோதிக்காமல் பெட்டியை மூடாதீர்கள். பத்து நிமிடம் வேலை ஏற்றி, வெப்பநிலையைத் திரையில் ஓடவிட்டு, ஃபேன் தொடங்குவதையும் நிற்பதையும் கண்ணால் பாருங்கள்.

சலிக்கும் அறை மாதிரியான இடத்துக்கு என்னைக் கேட்டால் ஃபேனே வேண்டாம் என்பேன். போர்டை அடுத்த அறையில் வைத்து வயரை மட்டும் உள்ளே இழுங்கள். முடியாதென்றால் முழுவதும் அலுமினியத்தில் வருகிற, உடலே சூட்டை வாங்கிக்கொள்கிற பெட்டியை வாங்குங்கள். அந்தத் தம்பிக்கும் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

பழுதென்று கொண்டுவரும்போது ஃபேனைக் கழற்றி, துடைத்து, சுத்தம் பண்ணிக் கொண்டுவராதீர்கள். இருந்தபடியே கொண்டுவாருங்கள். அந்தத் தூசியைப் பார்த்துத்தான் நான் காரணம் சொல்லவேண்டும்.